ஊதும் கருவி: எங்கள் லாரிக் கொட்டகையில் 16 மாதம்

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் எங்களுக்குச் சொந்தமாக ஆறு டிரெய்லர் ஓடுகிறது. ஓட்டுநர்கள் ஒன்பது பேர். டயர், பிரேக், கிரீஸ் எல்லாம் என் கணவர் பார்த்துக்கொள்வார். டிஓ எனும் சரக்கு ஒப்படைப்புச் சீட்டு, டோல் காசு, டிரிப் கணக்கு, லாரிச் சாவி இதெல்லாம் என் மேசையில். விடிகாலை நாலு மணிக்குக் கேட்டைத் திறப்பதும் நான்தான். 16 மாதமாக அந்த மேசையில் இன்னொரு சாமானும் இருக்கிறது. மூச்சில் மது இருக்கிறதா என்று ஊதிப் பார்க்கும் கைக்கருவி. லாரி வைத்திருக்கிறவர்கள், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர்கள், வீட்டுக்காரர் டிரெய்லரில் போகிறவர்கள் என்று பலர் இதைப் பற்றி என்னிடம் விசாரித்துவிட்டார்கள். போனில் ஆளுக்கு ஒரு பாதி சொல்வதைவிட முழுக்க எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்குங்கள். 640 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தது எனக்கு ஒரு நாளும் உறுத்தியதில்லை. ஆனால் எந்த வகையை வாங்குவது, எந்த நேரத்தில் ஊதச் சொல்வது, எண் வந்த பிறகு அந்த ஆளை என்ன செய்வது என்று யோசிக்காமல் வாங்கினால் அது இழுப்பறையில்தான் கிடக்கும். எங்கள் முதல் கருவி அப்படித்தான் கிடந்தது.

அது கைப்பேசியில் பார்த்து வாங்கிய 79 வெள்ளிச் சாமான். சாவிக்கொத்து அளவு, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. வந்த முதல் வாரம், கேட்டுக்கு வெளியே சிகரெட்டை அணைத்துவிட்டு வந்த ஒருவருக்குச் சிவப்பு எரிந்தது. கைக்குத் தடவும் கிருமிநாசினி காயாமல் அதைப் பிடித்த எனக்கும் சிவப்பு. மறுநாள் ஒருவர் வந்தார், இரண்டடி தள்ளி நின்றாலே வாடை. அவருக்குப் பச்சை. "அக்கா, பச்சை வந்துருச்சே, சாவி குடுங்க" என்று கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. ஆனால் கருவியே சரி என்று சொல்லும்போது நான் முடியாது என்பதற்கு என்ன நியாயம் சொல்வது? அரை மணி நேரம் பேச்சு முற்றி, கடைசியில் என் கணவர் பட்டறையிலிருந்து ஸ்பேனரோடு வந்துதான் அது அடங்கியது. அன்று மாலையே அந்தச் சாமானைத் தூக்கி உள்ளே போட்டேன். கையில் ஒரு பச்சை விளக்கைக் கொடுத்தால் குடித்தவருக்கு இல்லாத தைரியமும் வந்துவிடுகிறது.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மலிவான கருவிகளுக்குள் இருப்பது செமிகண்டக்டர் சென்சார். அது மதுவை மட்டும் பிரித்துப் பார்க்காது; சிகரெட் புகை, இனிப்பு நீர்க்காரர்களின், அதாவது நீரிழிவு உள்ளவர்களின், மூச்சில் வரும் அசிட்டோன் போன்றவற்றுக்கும் துள்ளும். எங்கள் ஒன்பது பேரில் நாலு பேருக்கு இனிப்பு நீர். இரண்டாவது வகையில் இருப்பது ஃபியூல் செல் சென்சார். உள்ளே பிளாட்டினம் பூசிய ஒரு சின்னத் தகடு. மூச்சில் வரும் மது அதில் பட்டு மாறும்போது நூலளவு மின்சாரம் உண்டாகிறது. மது கூடினால் மின்சாரமும் கூடும். அதைத்தான் எண்ணாகக் காட்டுகிறது. சாலைத் தடுப்பில் போலீஸ்காரர்கள் நீட்டுகிற கைக்கருவிகளும் பொதுவாக இந்த வகைதான். வாங்கும்போது பெட்டியில் 'ஃபியூல் செல்' என்ற இரண்டு வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். பெயரை நான் எழுதவில்லை, ஏனென்றால் ஒரே பெட்டி நாலைந்து பெயரில் விற்கிறது. பெயர் முக்கியமில்லை, உள்ளே இருக்கும் தகடுதான் முக்கியம்.

எங்களுடையது பழைய நோக்கியா போன் கனம். பக்கத்தில் வெள்ளைக் குழாய் ஒன்றைச் செருக வேண்டும், ஆளுக்கு ஒரு குழாய். பொத்தானை அழுத்தினால் பத்து எண்ணி முடிப்பதற்குள் தயார். ஐந்து விநாடி ஒரே சீராக ஊத வேண்டும். பாதியில் நிறுத்தினாலோ மெதுவாக ஊதினாலோ ஏற்காது, மறுபடி ஊதச் சொல்லும். ஊதுவது சரியாக இருந்தால் 'டொக்' என்று உள்ளே ஒரு சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் கேட்டுப் பத்து விநாடியில் எண் வரும்.

இதை நான் ஏன் வாங்கினேன் என்பதையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நான் ஏதோ சட்டத்துக்குப் பயந்து வாங்கினதாக நினைப்பீர்கள்.

என் அண்ணன் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டினார். 1996. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுக்கத் திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது; அதில் ஓட்டுவது அவருக்குப் பெருமை. அன்று இரவு தோட்டத்தில் ஒரு காதுகுத்து. அண்ணன் குடித்தார், ஆனால் விழுந்து கிடக்கிற அளவுக்கு இல்லை. பன்னிரண்டு மணிக்கெல்லாம் வந்து படுத்துவிட்டார். ஐந்து மணிக்கு எழுந்து, கிணற்றுத் தண்ணீரில் குளித்து, அம்மா போட்ட கட்டங்கோப்பியைக் குடித்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டுப் போனார். கெலிண்டானாக, அதாவது உதவியாளாக, எங்கள் லயத்துப் பையன் ஒருவன் கூடப் போனான். 19 வயது. மெனோரா சுரங்கம் தாண்டி ஜெலாப்பாங் பக்கம் இறங்குகிற சரிவில் முன்னால் ஒரு லாரி ஊர்ந்துகொண்டிருந்திருக்கிறது. அண்ணன் பார்த்தார். பார்த்ததற்கும் காலை வைத்ததற்கும் நடுவில் கொஞ்சம் தாமதமாகிவிட்டது. "பாத்தேன் பாப்பா, பாத்துக்கிட்டேதான் இருந்தேன்" என்று பின்னால் என்னிடம் எத்தனையோ தடவை சொன்னார். இடது பக்கம் நசுங்கியது. கெலிண்டான் உட்கார்கிற பக்கம் அது.

அண்ணன் அதற்கு மேல் 15 வருடம் உயிரோடு இருந்தார். மறுபடி ஸ்டீரிங்கைத் தொடவே இல்லை. அந்தப் பையனின் அம்மாவை இன்றைக்கும் ஆடி மாதம் கோயிலில் பார்க்கிறேன். என்னிடம் நன்றாகத்தான் பேசுவார். என் கைதான் நடுங்கும்.

அண்ணன் பொய் சொல்லவில்லை. ராத்திரி குடித்தது தூங்கி எழுந்தால் போய்விடும் என்று நிஜமாகவே நம்பினார். எங்கள் ஊரில் முக்கால்வாசிப் பேர் இன்றும் அதைத்தான் நம்புகிறார்கள். குடித்த கையோடு லாரியில் ஏறுகிற ஆளைக் கண்டுபிடிக்கக் கருவியே வேண்டாம், மூக்கு போதும். குளித்து, விபூதி பூசி, இஸ்திரி போட்ட சட்டையோடு, தான் நன்றாக இருப்பதாக நம்பி வருகிறாரே, அவருக்காகத்தான் இந்த 640 வெள்ளி.

கருவி வந்த இரண்டாவது மாதம் அப்படி ஒருவர் வந்தார். வெளியூர்க்காரர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஆனால் கல்யாண விருந்து சனிக்கிழமை ராத்திரிதான் வைப்பார்கள், பினாங்கு, ஈப்போ சொந்தக்காரர்கள் வர வேண்டுமே. அதனால் ராத்திரி விருந்து, ஞாயிறு விடிகாலை வேலை. அன்று அந்தத் தம்பிக்குத் தெற்கே ஜொகூரில் இருக்கும் பாசிர் கூடாங்குக்கு டிரிப். இங்கிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர். 26 டன் சரக்கு ஏற்றிக் கட்டி, படுதா இழுத்து, கொட்டகையில் தயாராக நிற்கிறது.

நாலரைக்கு வந்தார். முகம் பளிச்சென்று இருந்தது, வாயில் புதினா மிட்டாய். மிட்டாயைத் துப்பிவிட்டு வாயைக் கொப்பளிக்கச் சொன்னேன், பதினைந்து நிமிடம் உட்கார வைத்தேன், பிறகு ஊதினார். 31.

"அக்கா, மிசின் கெட்டுப்போச்சு."

நான் ஊதினேன். 0. அவர் மறுபடி ஊதினார். 30. கடைசிக் குவளையை வைத்தது பன்னிரண்டரைக்கு என்றார். எட்டரையிலிருந்து பெரிய போத்தல் பியர் மூன்று, மூன்றரை இருக்கும் என்றார். தலைவலி இல்லை, தள்ளாட்டம் இல்லை, வண்டியைச் சுற்றி வந்து டயரை எல்லாம் தட்டிப் பார்த்துவிட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சரி, ஒரு வேலை செய்யலாம் என்று அவரை அலுவலகத்திலேயே உட்கார வைத்து, மணிக்கு ஒருமுறை ஊதச் சொல்லி, நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். ஐந்தே முக்காலுக்கு 24. ஆறே முக்காலுக்கு 18. நடுவில் இரண்டு கோப்பி குடித்தார், முகம் கழுவினார், எலுமிச்சை ஜூஸ் வாங்கி வரச் சொன்னார். ஏழே முக்காலுக்கு 11. எட்டே முக்காலுக்கு 5. ஒன்பதே முக்காலுக்குத்தான் 0. அந்தத் தாளை நான் இன்னும் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மணிக்கும் ஆறு ஏழு என்று படி இறங்குவது போல இறங்கியிருக்கிறது. கோப்பியும் எலுமிச்சையும் அந்தப் படியை ஒரு துளி அவசரப்படுத்தவில்லை.

அது ஈரல் செய்கிற வேலை. ரத்தத்தில் 100 மில்லிலிட்டருக்கு ஏறக்குறைய 15 மில்லிகிராம் என்ற கணக்கில்தான் ஒரு மணி நேரத்துக்கு மதுவை எரிக்கிறது. ஆளுக்கு ஆள் கொஞ்சம் கூடும் குறையும். பச்சைத் தண்ணீரில் குளித்தாலும் வாந்தி எடுத்தாலும் ஓடி வியர்த்தாலும் அதன் வேகம் மாறாது. பெரிய போத்தல் பியர் 633 மில்லி. 5 சதவீதம் என்றால் அதில் 25 கிராம் மது. 70 கிலோ எடையுள்ள ஆளின் உடம்பு அந்த ஒரு போத்தலை முடிக்கவே மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றரை போத்தலை நீங்களே பெருக்கிப் பாருங்கள். தம்பி எட்டரைக்குக் குடிக்க ஆரம்பித்தார், உடம்பு வேலையை முடித்தது மறுநாள் ஒன்பதே முக்காலுக்கு. நடுவில் அவர் தூங்கினது மூன்றரை மணி நேரம்.

இந்த எண்களின் அர்த்தம் சட்டத்தில் இருக்கிறது. சாலைப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி 2020 அக்டோபர் 23 முதல் வரம்பைக் குறைத்தார்கள். முன்பு 100 மில்லிலிட்டர் மூச்சுக்கு 35 மைக்ரோகிராம், இப்போது 22. ரத்தத்தில் 80 மில்லிகிராமாக இருந்தது 50 ஆனது. அதாவது, தம்பியின் 31 பழைய சட்டப்படி தப்பியிருக்கும், இப்போது தப்பாது. வரம்பைத் தாண்டி ஓட்டினாலே முதல் தடவைக்கு 10,000 முதல் 30,000 வெள்ளி அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, லைசென்ஸும் குறைந்தது இரண்டு வருடம் போகும். குடித்து ஓட்டி உயிர் போனால் 10 முதல் 15 வருடம் சிறை, 50,000 முதல் 100,000 வெள்ளி அபராதம். ஓட்டுநருக்கு ஜிடிஎல், அதாவது சரக்கு வண்டி ஓட்டும் லைசென்ஸ், போனால் குடும்பத்தின் அரிசி போச்சு என்று அர்த்தம்.

ஆனால் எங்கள் கேட்டில் வரம்பு 22 இல்லை, 0. சட்டம் கார்க்காரருக்கும் டிரெய்லர்க்காரருக்கும் ஒரே எண்ணைத்தான் சொல்கிறது. 26 டன் அப்படிச் சமமாக நினைக்காது. மணிக்கு 80 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் ஓடுகிறது. கண் பார்த்துக் கால் அழுத்துவதற்கு அரை விநாடி கூடுதலாக ஆனால் 11 மீட்டர், இரண்டு கார் நீளத்துக்கு மேல், பிரேக் பிடிக்காமலே போய்விடும். அண்ணனுக்கு அந்தச் சரிவில் இல்லாமல் போனது அந்த 11 மீட்டர்தான் என்று எனக்குத் தோன்றும். அதோடு தூக்கக் குறையும் சேர்ந்தால் கொஞ்ச மதுவே நிறையக் குடித்ததுபோல வேலை செய்யும். விடிகாலை மூன்றிலிருந்து ஐந்து வரை குடிக்காதவருக்கே கண் செருகும் நேரம்.

தம்பிக்கு 0 வந்த பிறகும் அன்று சாவி கொடுக்கவில்லை. மூன்றரை மணி நேரத் தூக்கத்தோடு அவரை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. கருவி தூக்கத்தை அளக்காது. வேறொருவரைக் கூப்பிட்டு அனுப்பினோம், சரக்கு ஐந்து மணி நேரம் தாமதம், வாடிக்கையாளர் 300 வெள்ளி பிடித்துக்கொண்டார். தம்பி அன்று முழுக்கக் கொட்டகையில் வண்டி கழுவினார். டிரிப் காசு போனாலும் நாள் சம்பளத்தில் நாங்கள் கை வைக்கவில்லை. இதில் எனக்கும் கணவருக்கும் பெரிய விவாதமே நடந்தது. அவர் ஒரு நாள் சம்பளம் வெட்டினால்தான் பயம் இருக்கும் என்றார். நான் ஒப்பவில்லை. காசு போகும் என்றால் மறைக்கத்தான் பார்ப்பார்கள், மறைக்கிறவரைக் கருவி பிடிக்கும் முன் ரோடு பிடித்துவிடும். முதல் தடவை கொட்டகை வேலை, இரண்டாவது தடவை எச்சரிக்கைக் கடிதம், மூன்றாவது தடவை கணக்கு முடிப்பு என்று வைத்தோம்.

இதில் எனக்குக் கிடைத்த பெரிய பலன் கருவி பிடித்துக் கொடுத்த ஆட்கள் இல்லை. போன் கால்கள். மூன்றாவது மாதத்திலிருந்து ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்கு அழைப்பு வர ஆரம்பித்தது. "அக்கா, மச்சான் வீட்டுல விசேஷம், நாளைக்குக் காலையில என்னைப் போடாதீங்க, மத்தியானம் வரேன்." முன்பெல்லாம் இப்படி ஒருவரும் சொன்னதில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று நினைத்திருக்கிறார்கள். முதல் ஆறு மாதத்தில் 0-க்கு மேல் வந்தது ஒன்பது தடவை, அதற்குப் பின் வந்த பத்து மாதத்தில் இரண்டே தடவை. என் நோட்டுப் புத்தகத்தில் இருப்பதை எண்ணித்தான் எழுதுகிறேன்.

எல்லாரும் ஊத வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். சந்தேகப்படுகிறவரை மட்டும் கூப்பிட்டு ஊதச் சொன்னால் அது அவமானம். எங்கள் கேட்டில் முதலில் நான் ஊதுவேன், பிறகு என் கணவர், பிறகு வரிசையாக ஓட்டுநரும் கெலிண்டானும். மூன்று மலாய் ஓட்டுநர்கள் இருக்கிறார்கள், மதுவைத் தொடாதவர்கள். அவர்களிடம் எப்படிக் கேட்பது என்று இரண்டு நாள் தவித்தேன். அவர்களில் மூத்தவரிடம் தனியாக விளக்கினேன். "தாக் அப்பா, காக்" (பரவாயில்லை, அக்கா) என்று சொல்லி அவரே முதல் நாள் எனக்கு அடுத்ததாக வந்து ஊதினார்.

அவருக்குத்தான் ஒரு சங்கடமும் வந்தது. நோன்புப் பெருநாள் முடிந்த இரண்டாவது வாரம், வீட்டிலிருந்து எனக்கும் பலகாரம் கொண்டுவந்திருந்தார். ஊதினார்: 6. அவர் முகம் சிவந்துவிட்டது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. வழியில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டால், தாப்பை. புளிக்க வைத்த அரிசிப் பலகாரம் அது. வண்டியில் வரும்போது இரண்டு உருண்டை வாயில் போட்டிருக்கிறார். வாய் கொப்பளித்துப் பதினைந்து நிமிடம் கழித்து ஊதினார், 0. வாயில் ஒட்டியிருக்கிற மது வேறு, ரத்தத்திலிருந்து மூச்சில் வருவது வேறு. வாயில் இருப்பது பதினைந்து இருபது நிமிடத்தில் போய்விடும், ரத்தத்தில் இருப்பது போகாது. இருமல் மருந்து, வாய் கொப்பளிக்கும் மருந்து எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அன்றிலிருந்து வந்ததும் ஊதுவது இல்லை. வர வேண்டும், வாய் கொப்பளிக்க வேண்டும், கால் மணி நேரம் டயர், விளக்கு, பெல்ட் பார்க்க வேண்டும், அப்புறம்தான் ஊத வேண்டும். புத்தகத்தில் இரண்டாவது எண்ணை மட்டும் எழுதினேன். அவர் கொண்டுவந்த பலகாரத்தை அவர் முன்னாலேயே பிரித்துச் சாப்பிட்டேன்.

கருவியின் குறைகளைச் சொல்கிறேன். பெட்டியிலிருந்து எடுத்தபோது எண் ரத்தச் சதவீதமாக வந்தது, 0.05 என்பது போல. நம் சட்டத்துக்கு மூச்சு மைக்ரோகிராம் வேண்டும். பொத்தானை எத்தனை விநாடி அழுத்தினால் மாறும் என்பது எறும்பெழுத்துக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் இருக்கிறது. மாற்றாமல் விட்டிருந்தால் 0.05-ஐப் பார்த்து அற்பம் என்று அனுப்பியிருப்பேன். வெயிலில் திரை தெரிவதில்லை; எங்களுக்கு இருட்டில்தான் வேலை என்பதால் பரவாயில்லை. குழாய் 100 எண்ணம் 45 வெள்ளி, மாதம் இரண்டு மூன்று பை ஆகிறது. பழைய குழாயைக் கழுவி வைக்க ஒரு தடவை முயன்றோம், உள்ளே ஈரம் நின்று எண் குழம்பியது. அந்த வேலை வேண்டாம்.

பெரிய குறை அளவு சரிபார்ப்பு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் வருடத்துக்கு ஒரு தடவை, இதைத் தெரிந்த அளவுள்ள வாயுவில் வைத்துச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் எண் மெல்ல மெல்ல நழுவும், வெளியே ஒன்றும் தெரியாது. விற்றவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. கோலாலம்பூருக்கு அனுப்பினோம், 150 வெள்ளி, திரும்பி வர 17 நாள். அந்த 17 நாளும் எனக்குக் கேட்டில் ஒரு கை குறைந்த மாதிரி இருந்தது. வாங்கும்போதே சரிபார்ப்பை யார் செய்வார்கள், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டுவிட்டுக் காசைக் கொடுங்கள்.

உறவுக்காரர் ஒருவர், படித்தவர், என்னிடம் வருத்தப்பட்டார். கேட்டில் மிசின் வைத்தால் நம் ஆட்களைக் குடிகாரர்கள் என்று ஊருக்கே காட்டுவதாக ஆகாதா என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிகிறது. சம்சு எனும் மலிவுச் சாராயப் போத்தலையும் தோட்டத்துத் தமிழனையும் சேர்த்தே பேசுகிற வாய்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் எங்கள் பாட்டி ஹார்வார்டு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். 1947-இல் அந்தத் தோட்டத்துத் தொண்டர் படையினர் பீடோங்கில் கள்ளுக்கடை முன்னால் மறியல் செய்ததையும் போலீஸ் அவர்களை அடித்து விரட்டியதையும் சொல்லிச் சொல்லி எங்களை வளர்த்தார். அதற்கு முன்பே 1941-இல் கிள்ளானில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. துரைமார்களிடம் சம்பள உயர்வோடு சேர்த்துக் கள்ளுக்கடையை மூடு என்று கேட்ட சனம் இது. அப்படிக் கேட்டவர்களின் பேத்தி ஒரு கேட்டில் உட்கார்ந்து ஊதச் சொல்வதில் என்ன அவமானம் இருக்கிறது என்று கேட்டேன். அவர் அதற்குப் பிறகு தன் பள்ளி வேனுக்கு ஒன்று வாங்கினார்.

கருவி எட்டாத இடம் ஒன்று உண்டு. கருவி இருப்பது பீடோங்கில். ஓட்டுநர் வழியில் தாப்பாவில் படுத்திருப்பார். எங்கள் தமிழ் ஓட்டுநர்களில் மூத்தவருக்கு 58 வயது. அவரிடம் ஒரு நாள் பேச்சுவாக்கில் கேட்டபோதுதான் சொன்னார்: "தங்கச்சி, லாரிக்குள்ள அந்தப் புழுக்கத்துல ஒரு கால் போத்தல் உள்ள போனாத்தான் கண்ணு மூடுது." ஆசைக்குக் குடிப்பவர் இல்லை அவர், தூக்க மருந்தாகக் குடித்திருக்கிறார். நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களில் பலர் இதைத்தான் செய்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. மது கண்ணைச் சீக்கிரம் மூட வைக்கும், உண்மைதான். ஆனால் ராத்திரியின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைத்துக் கலைத்துப் போடும். எழும்போது களைப்பும் இருக்கும், மூச்சில் மதுவும் இருக்கும். கண் மூட வேண்டும் என்றுதானே அவர் குடிக்கிறார். அதற்கு நான் ஊதச் சொல்லி என்ன பயன்?

அதனால் பாசிர் கூடாங்கில் மாத வாடகைக்கு ஒரு அறை எடுத்தோம். ஏர்கண்டிஷன், இரண்டு கட்டில், கதவைச் சாத்தினால் இருட்டு. தெற்கே போகிறவர்கள் சரக்கை இறக்கிவிட்டு அங்கே எட்டு மணி நேரம் படுக்க வேண்டும், திரும்புகிற சரக்கு காத்திருந்தாலும் சரி. டீசல் போக மிச்சம் பார்க்கும் தொழிலில் இது சின்னச் செலவு இல்லை. 2025 அக்டோபரிலிருந்து கனரக வண்டிகளுக்கு வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டங்கட்டமாகக் கட்டாயமாக்கினார்கள். அதற்கும் செலவு செய்தோம், நல்லதுதான். ஆனால் இரண்டில் எது உயிரைக் காப்பாற்றும் என்று என்னைக் கேட்டால் அந்தக் கட்டிலைத்தான் சொல்வேன்.

கூடவே அதே வகையில் இரண்டாவது கருவியும் வாங்கி அந்த அறையில் வைத்தாயிற்று. ஒன்று சரிபார்ப்புக்குப் போனால் கேட்டுக்கு அது வரும். அங்கிருந்து கிளம்பும் முன் வீடியோவில் ஊதிக் காட்ட வேண்டும். போன வாரம் நாலு பத்துக்கு மூத்தவர் கூப்பிட்டார். முதலில் கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்தார், பிறகு சரிசெய்தார். தலையணைக் கோடு கன்னத்தில் பதிந்திருந்தது. குழாயை உறையிலிருந்து பிரித்தார், மூச்சை இழுத்து ஊதினார், அங்கே 'டொக்' என்றது எனக்கு இங்கே கேட்டது. கருவியைத் திருப்பிக் காட்டினார்.

"தெரியுதா தங்கச்சி?"

"தெரியுதுண்ணே. டிஓ நம்பரைச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."